ஒன்றுக்குப் பன்னிரண்டு

கொட்டாஞ்சேனைப் பள்ளி வாசலில் ஐந்து படி.
ஒவ்வொன்றும் ஆறங்குலம்,
கடைசி மட்டும் ஏழு:
எந்த மேசனின் அவசரமோ.

முப்பத்தோரங்குலம் ஏற
முப்பத்தோரடிச் சாய்தளம்.
மதிலுக்கு இருபதடிதான்.
நடுவில் அதிபரின் கார்.

"ஒரு பிள்ளைக்குத்தானே மிஸ்,
ரெண்டு பொடியன்மார் தூக்கி விடுவாங்கள்."

யதுர்ஷி வரைபடத்தை மடியில் விரித்தாள்.
"இது ஆபீசுக்குப் போகுது.
கன்டீனுக்கு?"

பென்சிலைக் கொடுத்தேன்.
கோடு காருக்குள்ளால் போய்
கொட்டங்காய் மரத்தடியில் திரும்பி
வடை வாசத்தில் முடிந்தது.

திரும்பும் இடத்தில்
ஐந்தடிச் சதுரம் போட்டேன்.
மூச்சு வாங்க, என்றேன்.
"இல்ல, நிண்டு கதைக்க."

துறைமுகக் காற்றில் அளவுநாடா முறுகியது.
காலையில் அவளைத் தூக்கி ஏற்றியவன்
முதுகை நிமிர்த்தியபடி கேட்டான்:
"சீமெந்து எப்ப மிஸ் வரும்?"