படகுக்காரன் இல்லாத பிரிண்ட்

ஆரம்பாக்கத்தில் என் கடை.
ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ்,
மெமரி கார்டில் படம் ஏற்றித் தரப்படும்.
பலகையில் தமிழும் தெலுங்கும் முன்பே உண்டு.
போன வருஷம் இந்தியும் எழுத வேண்டியதாயிற்று.

ஹபிபுல் வருவது ஞாயிறு மத்தியானம்.
கம்பி உருட்டும் மில்லில் ராத்திரி ஷிப்ட்,
ஒரு புருவம் எப்போதும் கருகியிருக்கும்.
ஊர் பெல்டாங்கா. யார் கேட்டாலும் கல்கத்தா என்பான்,
நாம் வெளியூரில் மெட்ராஸ் என்பதுபோல.

அன்றைக்குக் கேட்டது ஒரு புது இந்திப் படம்.
இருநூறு கோடி என்று போஸ்டரிலேயே பெருமை.
"இது எங்க பாஷைக் கதை அக்கா,
நூறு வருஷம் முந்தி எழுதினது.
ஒன்பதாங் கிளாஸ்ல கடைசி அத்தியாயம் மட்டும் பாடம்.
அதுக்கப்புறம் நான் ஸ்கூலுக்குப் போகல."

ஒன்று புள்ளி எட்டு ஜிபி. ஏறும்வரை சொன்னான்:

ஜமீன் வீட்டுச் சின்ன மருமகள்
விரட்டியோ விலகியோ (அது அவனுக்கு மறந்துவிட்டது)
பத்மா ஆற்றில் படகில் போகிறாள். காய்ச்சல்.
நடு ஆற்றில் "ஜோல்" என்கிறாள்.
ஜோல் என்றால் தண்ணீர்.
படகுக்காரன் வாயில் அந்தச் சொல் கிடையாது.
அவன் வீட்டில், ஹபிபுல் வீட்டிலும், அதற்குப் பானி என்று பேர்.
ஒரே ஆறு. குனிந்தால் கை நனையும்.
பானி தரட்டுமா என்று கேட்டால் அவள் குடிக்கமாட்டாள்.
கேட்காமல் கொடுத்தால் அவன் துரோகி.
ஆகவே தன் சொல்லை விழுங்கிவிட்டு
"ஜோல்" என்று சொல்லிப் பார்க்கிறான், மெதுவாக,
அடுத்தவன் செருப்பில் கால் நுழைப்பதுபோல.

பாடம் அங்கே முடிந்துவிட்டதாம்.
குடித்தாளா என்று வாத்தியார் சொல்லவில்லை.
பரீட்சையில் அது ஐந்து மார்க்.

கல்லாமேல் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தோம்.
வீடு அரண்மனையாகி இருந்தது.
மருமகள் ஒரு தடவை சுழன்றால்
பாவாடை ஓரம் தடா வரைக்கும் போய்வந்தது.
எத்தனை விளக்குகள்! எண்ணெய் யார் ஊற்றினார்களோ.
அவன் விரலால் தள்ளிக்கொண்டே போனான்.
இரண்டு மணி இருபதாம் நிமிஷத்தில் ஆறு வந்தது.
படகு அன்னம் மாதிரி. தானாக நகர்ந்தது.
துடுப்பு இல்லை, போடுகிறவனும் இல்லை.
அவள் "பானி" என்றாள்.
ஹீரோவே வெள்ளிக் கிண்ணத்தில் நீட்டினான்.

ஹபிபுல் நிறுத்தினான்.
"எல்லாரும் பானிங்கறாங்க அக்கா.
மாமியார், புரோகிதர், எல்லாரும்.
அது எங்கம்மா சொல்லு."
சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டான்.
எல்லார் வாயிலும் பானி என்றான பிறகு
படகுக்காரனுக்கு அங்கே என்ன வேலை?

வேறு பிரிண்ட் இருக்கா என்றான். தேடினேன்.
தெலுங்கு டப்பிங்கில் நீள்ளு. தமிழில் தண்ணி.
தமிழ் பதினோரு நிமிஷம் கம்மி,
கொஞ்சம் விளக்குகள் போயிருந்தன.
படகுக்காரன் எதிலும் ஏறவில்லை.

நான் வீட்டில் நீள்ளு, கடையில் தண்ணி.
எந்தச் சொல்லில் கேட்டாலும்
இந்த ஊரில் யாரும் முகம் சுளித்ததில்லை.
அப்பா டீ குடித்த கடையில்
கிளாஸ்தான் இரண்டு வகை.
அதையும் யாராவது படமாக எடுத்தால்
இரண்டையும் வெள்ளியில் செய்துவிடுவார்கள்.
இதை அவனிடம் சொல்லியிருக்கலாம்.
அவன் தமிழுக்கு அது புரியும்.

கரண்ட் போயிற்று.
பத்து ரூபாயை வைத்தான். வேண்டாம்,
நீ கேட்ட படம் இது இல்லையே என்றேன்.
"பாட்டு நல்லாருக்கு" என்று கார்டை எடுத்துக்கொண்டான்.
வாடகை பற்றி, மழை பற்றி, புது சூப்பர்வைசர் பற்றி
தமிழிலேயே பேசினான்.
பிறகு மூலையில் இருந்த கேனைப் பார்த்தான்,
கட்டைவிரலை உதட்டருகே கொண்டுபோனான்,
ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வருஷமாக இப்படித்தான் கேட்கிறான்.
ஊமை சைகை என்று
நானும் மொண்டு மொண்டு கொடுத்திருக்கிறேன்.