ஐந்து மீட்டர்

மே மாதம். செவ்வாய்ப்பேட்டையில் தார் இளகுகிறது.
மாங்கூழ் உறைய வைக்கும் அறைக்குள்
சிவப்பு ஜாக்கெட்டோடு நிற்கிறேன்
இருபது நிமிடம், இருசப்பன் தயவில்.

இரும்பாலையில் முப்பத்தொரு வருஷம்
தகட்டுச் சூட்டுக்கு எதிரே நின்ற உடம்பு இது.
பி.எஃப். பணம் மொத்தமும் கப்பலுக்குக் கட்டியாயிற்று.
"பறக்காத பறவையைப் பார்க்க
அவ்வளவு தூரமா?" என்றான் தம்பி.
நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவன்.

கப்பல்காரர்கள் அனுப்பிய தாளில் இருக்கிறது:
பெங்குவினுக்கு ஐந்து மீட்டருக்குள் போகக் கூடாது.
அதுவாகக் கிட்டே வந்தால்
அசையாமல் நிற்க வேண்டும்.

அளந்து பார்த்தேன்.
இங்கிருந்து அந்த மல்கோவா வாளி அடுக்கு வரை.

கதவு திறக்கிறது. உள்ளே வெண்புகை.
சாக்கைத் தலையில் கவிழ்த்து
கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு
உறைந்த தரையில் வழுக்காமலிருக்க
இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து
குட்டிக் குட்டி அடியாக வருகிறான் இருசப்பன்.

நான் அசையவில்லை.

வாளி அடுக்கைத் தாண்டி
பக்கத்திலேயே வந்து
தலையைச் சாய்த்துப் பார்க்கிறான்.
சாக்குக்குக் கீழே ஒரு பனியன், அவ்வளவுதான்.

"நேரமாயிருச்சுங்க்கா."

வெளியே வந்து கண்ணாடியைத் துடைக்கும்போது கேட்டான்,
ஜாக்கெட் என்ன விலை என்று.

பாதியைச் சொன்னேன்.