கறுப்பாக இல்லாத டயர்

அக்டோபர் கடைசி வாரம்.
தம்பெரே நகரத்துக் கார்களுக்கெல்லாம்
ஒரே நாளில் பனி ஞாபகம் வந்துவிடுகிறது.
காலை ஏழிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு டயர்.
கோடைக்கானதைக் கழற்றி
ஆணி பதித்ததை மாட்டி முடித்தபோது
கைரேகைக்குள் ரப்பர் குடியேறியிருந்தது.
மணல் சோப்புக்கும் மசியவில்லை.

ராத்திரி, சமையலறை மேசையில்
இன்னும் இருபது டயர்.
ஒவ்வொன்றும் ஐம்பது சென்ட் காசளவு.
முப்பத்தைந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிய டி-34 டாங்கியின்
இருபுறமும் ஐந்தைந்து ஜோடியாக ஓடவேண்டியவை.
இப்போதைக்குப் பல்குச்சியில் குத்தி
உருளைக்கிழங்கில் நட்டிருக்கிறேன்.

"கறுப்பு அடிச்சா முடிஞ்சுது" என்கிறாள் டுயிரே,
குளிர்பெட்டிக்குள் தலையை விட்டபடி.

கறுப்பு டயர் என்று ஒன்று கிடையாது, டுயிரே.
கடையில் பிளாஸ்டிக் உறையோடு வரும்போதே
அதில் ஒரு நீலம் ஒளிந்திருக்கிறது.
வெயிலில் நின்றால் யானைத்தோல்.
செம்மண் பாதையில் ஓடியது மாலையில் பழுப்பு,
கழுவி வைத்தால் மறுபடி சாம்பல்,
ஆனால் நேற்றைய சாம்பல் இல்லை.
இருபத்தாறு வருடம் மடியில் போட்டுப் புரட்டியவன் சொல்கிறேன்.

அடர்சாம்பல் ஐந்து சொட்டு.
செருப்புத்தோல் நிறம் ஒன்று.
பால் பதத்துக்குத் தின்னர்.
இரும்பு முடிந்து ரப்பர் தொடங்கும் பள்ளத்தில்
தூரிகை நுனி பட்டால் போதும்,
பெயிண்ட் தானாகவே பாதி வட்டம் ஓடும்.
மீதிக்குத் தூரிகையை நகர்த்தக் கூடாது,
சக்கரத்தைச் சுற்ற வேண்டும்.
பட்டறையில் பேலன்ஸ் பார்ப்பதும் இப்படித்தான்.
ஆனால் அங்கே இயந்திரம் சுற்றும்.
இங்கே என் விரல்.
பகலெல்லாம் காற்றுத் துப்பாக்கியால் நட்டு கழற்றிய விரல்
ஒன்பது மணிக்கும் இன்னும் கழற்றிக்கொண்டே இருக்கிறது.
மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருவதற்குள்
கால் வட்டம்.
மறுபடி.

பதினாலாவது சக்கரத்தில் பச்சைமேல் வழிந்தது.
துடைத்தேன், பச்சையும் சேர்ந்து வந்தது.
பதினேழாவது, குச்சியிலிருந்து நழுவியது.
சத்தமே இல்லை.
மேசைக்கடியில் டார்ச் அடித்துத் தேடினேன்,
நாயின் வாய்க்குள் தேடினேன்,
வாக்வம் பையை நாளிதழில் கொட்டித் தேடினேன்.
டுயிரே எதுவும் கேட்காமல் காலைத் தூக்கிக்கொண்டாள்.

பழைய பெட்டியில் ரப்பரே இல்லாத இரும்புச் சக்கரம் ஒன்று கிடந்தது.
போரில் ரப்பர் தீர்ந்தபோது அப்படியும் ஓட்டியிருக்கிறார்கள்.
மாட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது.
நான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை, கடைசி வண்டி,
திருமதி பிஹ்லயமாவின் சிவப்பு கொரோலா.
வால்வு மூடி ஒன்று குறைந்தது.
தொடைப் பாக்கெட்டில் கைவிட்டு
எடுத்ததை அப்படியே அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள்.
"இது எந்த வண்டிக்கு?" என்றாள்.
பிறகு, நகத்தால் தட்டி,
"ரொம்ப ஓடியிருக்கே, மாத்திடுங்களேன்."

பதினேழாவது.

மூன்று நாள் பாக்கெட்டில்
ஈயக் கட்டிகளோடும் உடைந்த ஆணிகளோடும்
சாலை உப்போடும் உரசிக் கிடந்திருக்கிறது.
விளிம்பில் பச்சை தேய்ந்து இரும்பு மினுங்கியது
(பிளாஸ்டிக்தான், ஆனாலும் மினுங்கியது).
ரப்பரில் கிரீஸ் ஒரு விரல் தடவிய மாதிரி,
அதன்மேல் தூசி,
தூசிக்குள் ஒரே ஒரு மணல்.
நான் எந்தக் குப்பியிலும் கலக்காத நிறம்.

வீட்டில் அதைக் கிழங்கில் நட்டேன்.
பக்கத்துப் பத்தொன்பதும்
முதல் நாள் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள்போல்
தலைவாரி நின்றன.

திங்கள் காலை, இருட்டு, பூஜ்யத்துக்குக் கீழே நாலு.
ஒவ்வொன்றாய்க் குச்சியிலிருந்து உருவிப்
பாக்கெட்டில் போட்டு பொத்தான் மாட்டினேன்.
காபிக் கோப்பையோடு டுயிரே,
"அதையெல்லாம் எங்கே கொண்டுபோறே?"

வேலைக்கு, என்றேன்.