அறுபத்தொன்றாம் படி

எழுத்துத் தேர்வில் யாஸ்னா ஒயார்சோ
திருப்பித் தந்தது வெறுந்தாள்.
பெயர், தேதி,
ஓரத்தில் படுத்திருக்கும் ஒரு நாய்.
ஒன்றிலிருந்து ஏழுவரை மதிப்பெண் போடும் நாடு இது,
வெறுந்தாளுக்கும் ஒன்று உண்டு.
அதைப் போடத்தான் பேனாவைத் திறந்தேன்.
நாய் நன்றாக இருந்தது.
மூடிவிட்டேன்.

இந்த ஆண்டு எங்கள் பள்ளியில்
வாயாலும் பதில் சொல்லலாம், வகுப்புக்கு வெளியிலும்,
சாட்சிக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும், அவ்வளவுதான்.
இயற்பியல் எராக்லியோ
மூட்டுவலியோடு வந்தார்.

வால்பரைசோவில் மேட்டுக்கு என்ன பஞ்சம்!
அவள் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் நின்று
"இதன் சாய்வு என்ன?" என்றேன்.
விடைக்குறிப்பு என் பையில்.
நேற்று மாலை நானே அளந்தது:
உயரம் பதினேழு, அகலம் இருபத்தெட்டு,
ஒரு கோடு, ஓர் எண்.

"எந்த இடத்தில, மிஸ்?"

நேர்கோட்டுக்கு எங்கேயும் ஒரே சாய்வுதானே என்று
நான் தொடங்கும்போதே
அவள் ஏறிக்கொண்டிருந்தாள்.
பின்னால் நாங்கள், இளைத்துக்கொண்டு.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
தீக்குச்சிகளாயின.

அறுபத்தொன்றில் நின்றாள்.
"காஸ் சிலிண்டரை அண்ணனும் நானும்
இங்கதான் இறக்கி வைப்போம்.
இதுக்கு மேல குதிகால் வெளிய தொங்கும்."
குனிந்து கையை விரித்தாள்.
கீழ்ப்படி: ஒரு சாண், அப்புறம் நாலு விரல்.
மேல்படி: ஒரு சாண், அப்புறம் ஒரு விரல்கூட முழுசாய் இல்லை.
"உயரம் அதேதான். அடியில இருக்கற எண் சின்னதாச்சு.
அப்ப சாய்வு பெரிசு."
ஓட்டுத் துண்டால் சுவரில் கிழித்தாள்
இரண்டு கோடு,
ஒடியும் இடத்தில் ஒரு புள்ளி.

நேற்று நான் பத்துப் படி அளந்தேன்.
மீதியைப் பெருக்கிக்கொண்டேன்.

எராக்லியோ என்னைப் பார்த்தார்.
நான் கடலைப் பார்த்தேன்.

"தேர்வில் இதை ஏன் எழுதவில்லை?"
தோளைக் குலுக்கினாள்.
உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டாள்.
அந்தக் குலுக்கலுக்கு
என்னிடம் விடைக்குறிப்பு இல்லை.

இறங்கும்போது எராக்லியோ
ஒவ்வொரு படியாய் உரக்க எண்ணினார்,
அறுபத்தொன்றில்
ஷூவை நீட்டி அளந்து பார்த்துக்கொண்டார்.

படிவத்தில் அவளுக்கான கட்டம்
நகத்தளவுகூட இல்லை. ஓர் இலக்கம்தான் கொள்ளும்.
அது இன்னும் காலி.
முதலில் என் விடைக்குறிப்பை எடுத்து
சிவப்பு மையில் எழுதினேன்:
கீழ் அறுபத்தொன்றுக்கு மட்டும் சரி.
பாதி மதிப்பெண்.

இன்னும் முப்பத்தைந்து பேர் பாக்கி.
ஆளுக்கு ஒரு மேடு.
எராக்லியோ மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார்,
தைலம் வாங்க.