வெட்டிய பின் கழிக்கவும்

ஒஸ்ட்ராவா உருக்காலைக் கிடங்கில்
இருபத்திரண்டு வருடம்.
கையுறை கேட்பார்கள், முகக்கண்ணாடி கேட்பார்கள்.
உடுத்திப் பார்க்க ஒருத்தி வந்தது
அந்த பிப்ரவரியில்தான்.

ஹெட்விகா. பிராகிலிருந்து முதல் ரயில்.
கன்வேயர் பெல்ட் துண்டை முகர்ந்தாள்.
வடிகட்டி வலையை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
ஹோஸ் கவ்வியைக் கழுத்தில் மாட்டி
திருகிக்கொண்டே போனாள், நான் போதும் என்கிற வரை.

பிறகு அலுமினியம் பூசிய கோட்டுகள் தொங்கும் மூலை.
புதுசு வேண்டாமாம்.
நெஞ்சில் இரும்புக் குழம்பு தெறித்துப்
பொரிந்த பழசைத் தொட்டு
“இது.”

படிவத்தை நீட்டினேன்.
பணியிட வெப்பம்?
“மேடை விளக்குகள். முப்பது இருக்கும்.”
பயன்படுத்தும் நேரம்?
“நாற்பது அடி நடக்கிற நேரம்.”
ஆண்டு என்ற கட்டத்தில்
2090 என்று அவளே எழுதினாள்.
அடித்துவிட்டு அன்றைய தேதி போட்டேன்.

ஆனால் விதி ஒன்று உண்டு:
தீ தின்ற கோட்டை
இன்னொருவர் போட்டுக்கொண்டு உலைமுன் நிற்காதபடி
இரண்டாக வெட்டித்தான் வெளியே விடலாம்.
சொன்னேன். பேச்சே இல்லை அவளிடம்.

எங்கே வெட்டுவது என்று
விதியில் இல்லை.
“காட்டு” என்றேன்.

குழாயில் குறிபோடும் மஞ்சள் கட்டியால்
இடத் தோளிலிருந்து வல இடுப்புக்கு
ஒரே இழுப்பு.
ஒரு பொரிப்பிலும் படவில்லை.

தகரம் வெட்டும் கத்தரி.
கோணாதிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு பாதியையும் சுருட்டிப் போனாள்,
காலரில் மையால் எழுதிய பெயரோடு:
விதெஸ்லாவ், இரண்டாம் உலை.

அவன் கேன்டீனில்
சூப் குடித்துக்கொண்டிருந்தான்.
நான் சொல்லவில்லை.