நாலு விரல்

என் முதல் பேடை அம்மா தைத்தாள்,
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
லாரித் தார்ப்பாய் தைக்கும் அதே கோணி ஊசியால்.
உள்ளே தென்னை நார்.
வெளியே பழைய தார்ப்பாயின் மஞ்சள் எழுத்தில்
பாதி வண்டி நம்பர். கே.எல். ஒன்பது வரை தெரியும்,
மீதி என் முழங்காலுக்குப் பின்னால்.
நனைந்தால் ஒவ்வொன்றும் நாலு கிலோ,
மாட்டு லாரி வாடை வேறு.

கோலில் நிற்க நான் கேட்கவில்லை.
வீசிங். ஓடினால் நெஞ்சு விசிலடிக்கும்,
ரெஃப்ரி ஊதியதாக நினைத்து ஆட்டமே நின்றுவிடும்.
"நீ நில்லு" என்றார்கள்.
பதினாறு வருடம் நின்றேன்.

கொழிஞ்சாம்பாறை மைதானம் முழுக்கக் கரிசல்,
சித்திரையில் பாளம் பாளமாக வெடித்திருக்கும்.
பந்து எந்த வெடிப்பில் பட்டு எங்கே திரும்பும்,
அடித்தவளுக்கும் தெரியாது, மண்ணுக்கும் தெரியாது.
கண்ணை விட்டுக் காலை நம்பியது அங்கேதான்.
பிறகு பெங்களூர் கேம்ப்.
நீல டர்ஃப், தண்ணீர் தெளித்த தரை.
பந்து சொன்ன சொல் தவறாமல் நேராக வந்தது.
அந்த நேர்மை பழக எனக்கு மூன்று மாதம்.

ஷார்ட் கார்னர்.
ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் குனிந்திருப்போம்.
இந்தியில் கத்து என்பார் ஒரு கோச், ஆங்கிலத்தில் என்பார் அடுத்தவர்.
நேரம் குறைந்தால் என் தொண்டைக்கு வருவது ஒன்றுதான்:
"விடாதடீ!"
ஜஸ்மிந்தர் விழுந்து விழுந்து சிரித்தாள்.
இரண்டாம் வருடம், சிம்டேகாக்காரி அனிமா
பந்துக்குக் குறுக்கே பாய்ந்து, உதடு கிழிந்து,
ரத்தத்தோடு கத்தினாள்: "விடாதடீ!"
எங்களையா, பந்தையா,
இன்றுவரை கேட்கவில்லை.

முதல் வெளிநாட்டுப் படியில் என்ன வாங்கி வர என்றேன்.
கப்பல் பாய் தைக்கிற ஊராமே அது,
நல்ல மெழுகு நூல் கிடைத்தால் பார் என்றாள் அம்மா.

ஜெயித்த மறுநாள்
பாலக்காட்டுப் பேப்பரில் நான் மலையாளி,
கோவைப் பேப்பரில் தமிழச்சி.
தோற்ற மறுநாள் இரண்டிலும்
இந்தியக் கோல்கீப்பர்.

ஆன்ட்வெர்ப், அரையிறுதி, ஷூட் அவுட்.
எதிரே வருகிறவளுக்கு எட்டு நொடி.
எனக்கும் அதே எட்டுதான்,
செலவழிப்பது மட்டும் அவள்.
மூன்றை நிறுத்தினேன்.
அதன் வீடியோ யாரிடமும் இல்லை.
ஐந்தாவது எல்லார் போனிலும் இருக்கிறது:
என் வலப்பக்கமாகத் தோளைச் சாய்க்கிறாள்,
வலப்பக்கம் விழுகிறேன்,
பந்து அவசரமே இல்லாமல்
என் இடது காலுக்கும் தரைக்கும் நடுவே போகிறது.

ஊரில், டீக்கடையில் ஒரு டிரைவர்:
"அந்தச் சந்துல என் டாரஸ் வண்டியே போயிருக்கும்."
அம்மா ஒன்றும் கேட்கவில்லை.
ராத்திரி, சாப்பிட்ட கை காயும் நேரத்தில்தான்
"எத்தனை இருக்கும் அந்த இடைவெளி?"
"நாலு விரல்."
ஊசியைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே யோசித்தாள்.
"நாலு விரல்தானா?
தைச்சிருக்கலாம்."

இப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர்.
வலது முழங்காலுக்குள் இரண்டு திருகாணி.
ஹெல்மெட் கம்பிக்குள் இருந்த முகத்தைப்
பாலக்காடு பாசஞ்சரில் ஒருவருக்கும் தெரியாது,
ரெஜினா என்ற பெயர்ப்பட்டையை யாரும் படிப்பதில்லை.
போன வியாழன், தண்டவாளத்தில் யானை என்று
வண்டி வாளையாறில் ஊர்ந்துகொண்டிருந்தபோது
டிக்கெட் இல்லாத பையன் ஒருவன் எதிரே வந்தான்.
கைகள் தாமாக விரிந்தன.
குதிகால் எழும்பியது.
எட்டு. ஏழு. ஆறு.
என் வலப்பக்கமாகத் தோளைச் சாய்த்தான்.
இந்த முறை ஏமாறவில்லை, அசையாமல் நின்றேன்.

அவன் நிஜமாகவே
வலப்பக்கம் போய்விட்டான்.