பாதி வேகம்

லிங்கராஜபுரத்தில் டயர்க் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
படியேறும்போதே ரப்பரும்
பிறர் வியர்வை ஊறிய கையுறையும் சேர்ந்து மணக்கும்.
சனிக்கிழமை ஏழு மணிக்கு ஸ்பாரிங்.

“ஃபிஃப்டி பர்சென்ட்தான் மேடம்,” என்றான் சுமந்த்.
அவன் எழுபத்தெட்டு கிலோ.
நான் ஐம்பத்தாறு, ஈரத் தலையோடு.

என் ஜாப் ஒன்று அவன் கன்னத்தில் சுத்தமாக விழுந்தது.
பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

அதன் பிறகு முதல் குத்து நெற்றியில்.
சரி, தெரியாமல் பட்டிருக்கும்.
இரண்டாவது மூக்குத் தண்டில்.
சரி, நான்தான் தலையைக் குனிந்தேன்.
மூன்றாவதுக்கு என்னிடம் காரணம் கைவசம் இல்லை.
விலாவில் இறங்கியது.
மூச்சு என்னைக் கேட்காமல் வெளியூர் போய்விட்டது.

பெனடிக்ட் மாஸ்டர் கயிற்றுக்கு வெளியே
ஃபோனில் யாருக்கோ மாதக் கட்டணம் சொல்லிக்கொண்டிருந்தார்.
நடுவில் நிமிர்ந்து
“கையத் தூக்கு, கையத் தூக்கு” என்றார்,
என்னிடம்.

பல் லேபில் வேலை எனக்கு.
மேசையெல்லாம் பிளாஸ்டரில் ஊரார் வாய்.
சுமந்தின் வாய்க்கவசம் நான் செய்து கொடுத்தது.
இடது வெட்டுப்பல் அரிசி அளவு முன்னால் நிற்கும்,
ஞானப்பல் ஒன்று பாதியில் நின்றுவிட்டது.
அவன் வாய்க்குள் இருப்பது
அவனைவிட எனக்குத் தெரியும்.
மூன்று நிமிடத்தில்
அது ஒன்றுக்கும் உதவவில்லை.
ஹெண்ணூர் சிக்னலைவிட நீளமான மூன்று நிமிடம்.

மணி அடித்ததும் கட்டிப்பிடித்து
“குட் ரவுண்ட்” என்றான்.
நான் “தேங்க்ஸ்” என்றேன்.
விலா பதினொரு நாளில் ஆறியது.
தேங்க்ஸ் ஆறவில்லை.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி
என் கண்ணைப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைப் பார்த்துவிட்டு
மெதுவாக “மனேலா?” என்றாள்.
வீட்டிலா என்று.
இல்லை, ஜிம்மில், நானே காசு கட்டி
என்று சொல்ல என் கன்னடம் போதவில்லை.
இறங்கும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஆடி மாதத் தூறலில் தஸ்லீமா சேர்ந்தாள்.
கல்லூரி முதல் வருடம், நாற்பத்தெட்டு கிலோ,
இரவல் ஹெட்கார்டு கண்மேல் சரிந்து சரிந்து வந்தது.
அன்று காலைதான் அவளுக்கு வாய் அச்சு எடுத்திருந்தேன்.
“பாதி வேகம்தான்,” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு வீசினாள்.
என் உதட்டில் பட்டது.
பெஞ்சில் சிரிப்பு.

என் வலது கை என்னைக் கேட்கவில்லை
என்று எழுதினால் பொய்.
கேட்டது.
கேட்டுவிட்டுத்தான் போனது.

சரிந்த ஹெட்கார்டுக்குக் கீழே
அவள் கண்ணில் படித்தேன்:
சரி, தெரியாமல் பட்டிருக்கும்.
படித்த பிறகும் இன்னொன்று போட்டேன்.

இரவல் கவசத்தைக் கழற்றி, எச்சில் நூலோடு
“தேங்க்ஸ் அக்கா” என்றாள்.

மூன்று சனி ஆயிற்று.
அவள் அச்சு மேசையில் இருக்கிறது.
மேல்வரிசையில் வலப்பக்கம்
ஒரு பால்பல் இன்னும் விழாமல்.
கவசம் தயார். முந்நூறு ரூபாய் பாக்கி.
அவள் எண் என்னிடம் உண்டு.

“இப்பல்லாம் பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்ல,”
என்கிறார் பெனடிக்ட் மாஸ்டர்.
நான் ஸ்கிப்பிங் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
நூற்று நாற்பதில் கால் தடுக்குகிறது.
சுமந்த் கையுறையை மாட்டிக்கொண்டு
“நெக்ஸ்ட் யாரு?” என்கிறான்.
கயிற்றின் முடிச்சைப் பிரித்து, மறுபடி போட்டு,
ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன்.